வீதிக்கும் வரிசைக்கும் ஒரே பெயர்

கொரியத் தலைநகராகிய சியோலுக்குச் செல்வோர் அரண்மனைகளைக் காண்பர்; கடைவீதிகளில் பொருள் வாங்குவர்; நம்சான் குன்றின் மேல் ஏறி நகரத்தைப் பார்த்து இறங்குவர். தெருப்பெயர்ப் பலகைகளைத் தேடிப் போகிறவர் அரியர். சென்ற நவம்பர்த் திங்களில் நாம் குடும்பத்தோடு ஏழு நாட்கள் அந்நகரில் தங்கியிருந்தபோது, பெரும்பாலும் அப்பலகைகளைப் படித்தே பொழுதைக் கழித்தோம். அதற்குக் காரணம் நம் மகள். பதின்மூன்று வயதினளான அவளுக்கு அவ்வூர் வீதிகளின் பெயர்கள் ஏற்கெனவே மனப்பாடமாக இருந்தன. அவை வீதிப்பெயர்கள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

டேக்வாண்டோ என்னும் கொரியத் தற்காப்புக் கலையை அவள் கரக்பூரில் நான்கு ஆண்டுகள் பயின்றாள். ‘டே’ என்றால் காலால் உதைத்தல். ‘க்வொன்’ என்றால் முட்டி. ‘டோ’ என்றால் நெறி. எதிரி ஒருவன் முன்னே நிற்பதாகப் பாவித்து, தடுத்தலும் குத்தலும் உதைத்தலும் திரும்புதலுமாகிய அசைவுகளை ஓர் ஒழுங்கில் கோத்துத் தனியே செய்து காட்டுவது இக்கலையின் ஒரு பகுதி. நம் சிலம்ப ஆசான்கள் ‘வரிசை’ என்று சொல்வார்களே, ஏறத்தாழ அதுதான். கொரியாவில் இதை முன்பு ‘ஹ்யோங்’ என்றனர். இப்போது ஒரு சாரார் ‘டுல்’ என்றும், மற்றொரு சாரார் ‘பூம்சே’ என்றும் வழங்குகின்றனர். மூன்று சொற்களும் ஏன் வந்தன என்பதற்கே ஒரு கதை உண்டு; அதைப் பின்னர்ச் சொல்வோம்.

நம் மகள் பயின்ற வரிசைகளுக்கு மனிதர் பெயர்கள் இருந்தன. முதலாவது ‘சொன்ஜி’, அதாவது விண்ணும் மண்ணும். இதற்கு 19 அசைவுகள். அடுத்தது ‘டான்குன்’, கொரிய இனத்தின் முதல்வன் என்று புராணம் கூறும் அரசன். பிறகு டோசான், வொன்ஹ்யோ, யுல்கோக், ஜூங்குன் என்று செல்லும். ஒவ்வொரு பட்டைத் தேர்விலும் ஆசிரியர் வரிசையைச் செய்யச் சொல்வதோடு, அப்பெயருக்குரியவர் யார், அசைவுகள் ஏன் இத்தனை என்றும் கேட்பார். இரவு உணவுக்குப் பின் நாம் கேள்வி கேட்க, அவள் ஒப்பிப்பாள். ‘யுல்கோக், 38 அசைவு’ என்ற குரலைக் கேட்டுக் கேட்டு அடுத்த குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கும் அது பாடமாகிவிட்டது.

பின்னர் நமக்கு ராஞ்சிக்கு மாற்றல் ஆயிற்று. அங்கும் ஒரு டேக்வாண்டோ பள்ளி இருந்தது, நல்ல ஆசிரியர். ஆனால் அவர் டோசானையும் அறியார், யுல்கோக்கையும் அறியார். அவர் கற்பிப்பது ‘டேகுக்’ என்னும் எட்டு வரிசைகள். அவற்றுக்கு முதல், இரண்டு, மூன்று என்று எண்கள்தாம். நிற்கும் நிலைகூட வேறு. பழைய பள்ளியில் முழங்காலைச் சற்றே தளர்த்தி, உடலை அலைபோல் தாழ்த்தி உயர்த்திக் குத்த வேண்டும். புதிய பள்ளியில் சாதாரணமாக நடக்கும் குறுகிய அடியில், நேராக நின்று குத்த வேண்டும். “அப்பா, அந்த நாலு வருஷத்தையும் மறந்துவிட வேண்டுமா?” என்று ஒரு மாலை அவள் கேட்டாள். மாற்றலாகிச் செல்லும் குடும்பங்களில் பாடப்புத்தகம் மாறும், மொழி மாறும், தோழியர் மாறுவர். அவற்றையெல்லாம் முணுமுணுக்காமல் ஏற்ற குழந்தை இதற்கு மட்டும் கண் கலங்கினாள். சியோலுக்கு அருகில் வேலை பார்க்கும் நம் தம்பியிடம் தொலைபேசியில் இதைச் சொன்னோம். “அண்ணா, இங்கே வந்து பாருங்கள். அந்தப் பெயர்களெல்லாம் இங்கே தெருவில் நிற்கின்றன” என்றான். பயணச் செலவில் பாதியையும் அவனே ஏற்றான்.

அவன் சொன்னது மிகையன்று. சியோல் ரயில் நிலையத்தருகே தொடங்கி நம்சான் குன்றின் அடிவாரம் வழியாகச் செல்லும் பெருவீதி ‘டோய்கே’ வீதி. அதற்கு வடக்கே ‘சுங்மு’ வீதி. இன்னும் வடக்கே ‘உல்ஜி’ வீதி. அரண்மனைகளை ஒட்டிச் செல்வது ‘யுல்கோக்’ வீதி. யோங்சான் பகுதியில் ‘வொன்ஹ்யோ’ வீதி. நகரின் நடுவே ‘சேஜோங்’ பெருவீதி. 1919ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் எழுச்சியின் பெயரால் ‘சாமில்’ பெருவீதி. ஆற்றுக்குத் தெற்கே ‘டோசான்’ பெருவீதி. எட்டுப் பெயர்களும் வரிசைகளின் பெயர்களே. சுரங்க ரயிலில் செல்லும்போது, அடுத்த நிலையம் சுங்முரோ என்ற அறிவிப்பைக் கேட்டதும் நம் மகள், “30 அசைவு!” என்றாள். எதிரில் இருந்த மூதாட்டி ஒருவர் திடுக்கிட்டார்.

பணப்பையைத் திறந்தாலும் அவர்களே. 1,000 வொன் தாளில் டோய்கே, 5,000 வொன் தாளில் யுல்கோக், 10,000 வொன் தாளில் சேஜோங் மன்னர், 100 வொன் நாணயத்தில் சுங்மு. 50,000 வொன் தாளில் யுல்கோக்கின் தாயார் சின் சாயிம்டாங் இருக்கிறார். மகனைவிடத் தாயாருக்குப் பத்து மடங்கு மதிப்பு என்று நம் இல்லாள் மகிழ்ந்தாள்.

வீதிகளுக்கு இப்பெயர்கள் வந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் வரிசைகளுக்குப் பெயர் வந்த வரலாறும் விளங்கும். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் ஜப்பானிய முறைக்கு மாறின. 1940ஆம் ஆண்டில் மக்கள் தம் குடும்பப் பெயரையே ஜப்பானிய வழக்கப்படி மாற்றிக்கொள்ளும்படி நெருக்கப்பட்டனர். விடுதலை வந்ததும், 1946ஆம் ஆண்டில் சியோல் வீதிகளிலிருந்து ஜப்பானியப் பெயர்கள் நீக்கப்பட்டன. ஜப்பானியக் கடைகள் நிறைந்திருந்த ‘ஹோன்மாச்சி’ என்ற வீதிக்குச் சுங்முவின் பெயர் வைத்தனர். ஜப்பானியக் கடற்படையை முறியடித்த தளபதியின் பட்டப்பெயர் அது. இதில் ஒரு குறும்பும் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

தற்காப்புக் கலையிலும் இதே கதைதான். ஜப்பானில் படித்த கொரிய இளைஞர் பலர் அங்கே கராத்தே கற்றுத் திரும்பினர். 1944, 1945ஆம் ஆண்டுகளை ஒட்டிச் சியோலிலும் கேசோங்கிலும் ‘க்வான்’ எனப்படும் பயிற்சிக்கூடங்கள் தோன்றின. அங்கே கற்பித்த வரிசைகளில் பெரும்பாலானவை கராத்தேயிலிருந்து வந்தவை. பெயர்களும் அவ்வாறே, உச்சரிப்பு மட்டும் கொரிய உச்சரிப்பு. சோய் ஹோங் ஹி என்னும் படைத்தளபதி 1955ஆம் ஆண்டில் ‘டேக்வாண்டோ’ என்ற பெயரை முன்வைத்தார். அவரும் இளமையில் ஜப்பானில் கராத்தே பயின்றவர்தாம். தம் படையிலிருந்த நாம் டே ஹி போன்றோரின் உதவியோடு புதிய வரிசைகளை அமைத்து, அவற்றுக்குத் தம் நாட்டுச் சான்றோர் பெயர்களைச் சூட்டினார். 1962ஆம் ஆண்டில் அவர் மலேயாவுக்குத் தூதராகச் சென்றார். வரிசைகள் பல அங்கேதான் உருப்பெற்றன. ஆகவே கொரிய வீரர் பெயர் தாங்கிய அசைவுகள் சில, நம்மவர் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த மண்ணில் பிறந்தவை. முடிவில் வரிசைகள் 24 ஆயின. ஒரு நாளின் 24 மணி நேரத்தை அவை குறிக்கும் என்பது அவர் விளக்கம்.

எண்களில் அவருக்கு இருந்த பற்று வியப்பானது. யுல்கோக் பிறந்த இடம் 38ஆம் பாகையில் இருப்பதால் 38 அசைவுகள் என்பார். தேசப்படத்தில் பார்த்தால் காங்னுங் என்னும் அவ்வூர் அக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. ஆயினும் 1945ஆம் ஆண்டில் நாட்டை இரண்டாகப் பிளந்த கோடும் 38ஆம் பாகைதான் என்பதை நினைத்தால், அந்த எண்ணை அவர் விட மனம் கொள்ளாதது புரிகிறது. ‘சாமில்’ வரிசைக்கு 33. 1919ஆம் ஆண்டு விடுதலை அறிக்கையில் கையொப்பமிட்டோர் 33 பேர். ‘சேஜோங்’ வரிசைக்கு 24. இன்றைய கொரிய நெடுங்கணக்கின் எழுத்துக்கள் 24. அம்மன்னர் 1446ஆம் ஆண்டில் வெளியிட்டபோது 28 எழுத்துக்கள், நான்கு வழக்கொழிந்தன. ‘உல்ஜி’ வரிசைக்கு 42; அதை அமைத்தபோது சோய் அவர்களின் வயது 42. வீரருக்கு நடுவே தம் வயதையும் வைத்துக்கொண்டார்!

க்வாங்ஹ்வாமுன் வாயிலின் முன்னுள்ள சதுக்கத்தில் சுங்மு, அதாவது இ சுன் சின், உயர்ந்த பீடத்தின் மேல் நிற்கிறார். 1968ஆம் ஆண்டில் நிறுவிய சிலை. அவருக்குப் பின்னே 2009ஆம் ஆண்டில் வைத்த சேஜோங் மன்னரின் பொன்னிறச் சிலை அமர்ந்திருக்கிறது. 1592ஆம் ஆண்டில் ஜப்பானியர் படையெடுத்தபோது ஆமைக் கப்பல்களோடு எதிர்த்தவர் இ சுன் சின். இடையில் அரசனின் ஐயத்துக்கு ஆளாகிப் பதவி இழந்து சிறை புகுந்தார், மீண்டும் அழைக்கப்பட்டார், 1598ஆம் ஆண்டில் நோர்யாங் கடற்போரில் குண்டு பட்டு இறந்தார். அவர் பெயரிலுள்ள வரிசை இடக்கைக் குத்தில் முடிகிறது. தம் ஆற்றல் முழுவதையும் காட்ட வாய்க்காமல் மறைந்தார் என்பதற்கு அது அடையாளமாம். சிலையோ வாளை வலக்கையில் பிடித்திருக்கிறது. உறையிட்ட வாளை வலக்கையில் வைத்திருப்பவன் எக்கையால் உருவுவான் என்று கொரியரே நெடுங்காலமாக வாதாடி வருகின்றனராம்.

நம்சான் குன்றில் ஆன் ஜூங் குன் நினைவகம் உள்ளது. இவர் 1909ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் ஹார்பின் ரயில் நிலையத்தில், வண்டியிலிருந்து இறங்கிய ஜப்பானியப் பெருந்தலைவர் இட்டோ ஹிரோபூமியைச் சுட்டு வீழ்த்தியவர். 1910ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். வரிசைக்கு 32 அசைவுகள். அவர் வயது 32. ஆனால் பிறந்தது 1879ஆம் ஆண்டு. “முப்பதுதானே வருகிறது?” என்று நம் மகள் விரல் மடக்கினாள். பிறக்கும்போதே ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டிலும் மேலும் ஒன்று என்பது கொரியரின் பழைய கணக்கு. 2023ஆம் ஆண்டில்தான் சட்டத்தில் அதை விலக்கினர். அங்கே அவரது உள்ளங்கை அச்சு ஒன்று உண்டு. இடக்கை மோதிர விரலின் மேற்கணு இல்லை. சுடுவதற்குச் சில மாதங்கள் முன்பு தோழரோடு சபதம் ஏற்று வெட்டிக்கொண்டது. மகள் தன் கையை அதன் எதிரே விரித்துப் பார்த்துவிட்டு, நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

நம்மை மிகவும் கவர்ந்தவர் டோசான். இயற்பெயர் ஆன் சாங் ஹோ. 1878ஆம் ஆண்டில் பிறந்தவர். இவரைப் பற்றி நம் சங்கத்துக் குடும்பங்கள் அவசியம் அறிய வேண்டும். 1902ஆம் ஆண்டில் மணமான புதிதில் மனைவியோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். வழியில் கடலிலிருந்து எழுந்த ஹவாய்த் தீவின் மலையைக் கண்டு ‘தீவு மலை’ என்று பொருள்படும் டோசான் என்ற பெயரைச் சூடினார் என்பர். படிக்கப் போனவர், அங்கிருந்த கொரியத் தொழிலாளர் சிதறியும் சச்சரவிட்டும் வாழ்ந்ததைக் கண்டு படிப்பைத் தள்ளி வைத்தார். அவர்கள் வீடுகளைத் தாமே பெருக்கினார். சன்னலுக்குத் திரை தைத்துக் கொடுத்தார். 1903ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் அவர்களை ஒரு நட்புறவுச் சங்கமாக இணைத்தார். கலிபோர்னியாவில் ரிவர்சைடு என்னும் ஊரில் ஆரஞ்சுத் தோட்டக் கூலிகளாக அவர்களோடு சேர்ந்து உழைத்தார். ஓர் ஆரஞ்சைக் கவனமாகப் பறிப்பதும் நாட்டுக்குச் செய்யும் தொண்டே என்று அவர்களுக்குச் சொல்லி வந்தாராம். வெளியூரில் சங்கம் நடத்துவோர் சந்தாப் பணத்துக்குப் படும் பாட்டை அறிந்த நமக்கு, இதைப் படித்தபோது அவரிடம் ஒரு தனி உறவே தோன்றியது.

1926ஆம் ஆண்டில் மனைவி மக்களை அமெரிக்காவில் விட்டுச் சீனம் சென்றார். அதன்பின் அந்த அம்மையார் அவரைக் காணவே இல்லை. 1932ஆம் ஆண்டில் ஷாங்காயில் பிடிபட்டார். சிறையில் உடல் நலிந்து 1938ஆம் ஆண்டில் சியோலில் இறந்தார். 1969ஆம் ஆண்டில் அம்மையார் அமெரிக்காவில் காலமானார். 1973ஆம் ஆண்டில் ஆற்றுக்குத் தெற்கே டோசான் பூங்கா அமைந்தபோது, அவரது எச்சங்களை மாங்கு இடுகாட்டிலிருந்தும், அம்மையாருடையவற்றைக் கடல் கடந்தும் கொணர்ந்து ஒரே மேட்டின் கீழ் வைத்தனர். சுற்றிலும் இன்று விலையுயர்ந்த துணிக்கடைகளும் காப்பிக் கடைகளும். நடுவே பைன் மரங்களும் அந்தப் புல்மேடும்.

மேட்டுக்கு வணக்கம் செலுத்திய பின் நம் மகள் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு மரத்தடியில் டோசான் வரிசையைத் தொடங்கினாள். ஆறாம் அசைவில் விரல் நுனியால் குத்துவாள். அந்தக் கையை எதிரி பற்றிவிட்டதாகப் பாவனை. உள்ளங்கையைக் கீழாகத் திருப்பி, உடலோடு ஒரு சுற்றுச் சுற்றி விடுவித்துக்கொண்டு, புறங்கை முட்டியால் அடிப்பாள். 24ஆம் அசைவு முடிந்து தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றாள். அவ்வாறு வந்து சேர வேண்டும் என்பது விதி. ஓர் அடி தவறினாலும் இறுதியில் இடம் காட்டிக் கொடுத்துவிடும்.

உலாவ வந்த முதியவர் ஒருவர் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு பார்த்திருந்தார். படையில் பணி செய்தபோது டேக்வாண்டோ பயின்றவராம். “குழந்தை செய்தது எந்த வரிசை? நான் பார்த்ததே இல்லையே” என்று தம்பியிடம் கொரிய மொழியில் கேட்டார். “டோசான், ஐயா” என்றான் தம்பி. அவர் அங்கிருந்த டோசான் சிலையைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெயரில் வரிசை உண்டு என்பதே அவருக்குப் புதிது. இன்னொரு முறை செய்ய முடியுமா என்று கேட்டு, முடியும்வரை நின்று பார்த்தார். பிறகு தலை தாழ்த்தி வணங்கிச் சென்றார். சிலைக்கா, குழந்தைக்கா என்பது தெரியவில்லை.

கொரியர் ஒருவர் அறியாத வரிசையை இந்தியச் சிறுமி அறிந்திருப்பது எப்படி? சோய் 1966ஆம் ஆண்டில் ஓர் உலக அமைப்பைத் தொடங்கினார். அரசோடு பிணங்கி 1972ஆம் ஆண்டில் கனடாவுக்குச் சென்றார். அமைப்பும் அவரோடு சென்றது. தென்கொரியாவில் அதே ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் குக்கிவொன் என்னும் தலைமைக்கூடம் திறக்கப்பட்டது. 1973ஆம் ஆண்டில் வேறோர் உலக அமைப்பு அங்கே தோன்றியது. அவர்கள் பூம்சே என்ற பெயரில் வேறு வரிசைகளை வகுத்தனர். 2000ஆம் ஆண்டில் சிட்னி ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாக இடம் பெற்றது இவர்கள் வழிதான். சோய் 1980ஆம் ஆண்டில் வடகொரியாவுக்குத் தம் மாணவரோடு சென்றார். அதன்பின் தென்னாட்டில் அவர் பேரைச் சொல்வோரே அருகினர். அவர் அமைத்த 24இல் ‘கோடாங்’ என்று ஒரு வரிசை இருந்தது, 39 அசைவுகள். பியோங்யாங் நகரில் மக்கள் தலைவர்களுள் ஒருவராக விளங்கி, 1946ஆம் ஆண்டில் சோவியத் படையினரால் காவலில் வைக்கப்பட்டு, மீளாமலே போன சோ மான் சிக் என்பாரின் பெயர் அது. 1980களில் அதை எடுத்துவிட்டு, வடகொரிய அரசின் கொள்கையாகிய ‘ஜூசே’ என்ற பெயரில் வேறொரு வரிசையை வைத்தார். பழைய மாணவர் சிலர் கோடாங்கையே இன்றும் செய்கின்றனர். தெருப்பெயரை மாற்றுவது போலவே வரிசைப்பெயரையும் மாற்றலாம். ஆனால் தெருப்பலகையை அரசு கழற்றிவிட முடியும். ஒருவர் உடம்பில் பதிந்த 39 அசைவுகளை எவரும் கழற்ற முடியாது போலும்.

கடைசி நாள் குக்கிவொனுக்குச் சென்றோம். காங்னாம் பகுதியில் ஒரு மேட்டின் மேல், ஓட்டுக் கூரையோடு பழங்கால மண்டபம் போல் நிற்கிறது. வழியெல்லாம் கிங்கோ மரங்களின் மஞ்சள் இலைகள். பழங்களை மிதித்தால் துர்நாற்றம் தாங்க முடியாது. டேகுக் வரிசைகளை ‘வெறும் எண்’ என்று நம் மகள் குறைவாக எண்ணியிருந்தாள். அவ்வெண்ணம் அங்கே நீங்கியது. அவை விண், ஏரி, தீ, இடி, காற்று, நீர், மலை, மண் என்னும் எட்டுக் குறிகளைச் சார்ந்தவை. அவற்றுள் விண், தீ, நீர், மண் ஆகிய நான்கும் கொரியக் கொடியின் நான்கு மூலைகளிலும் இருக்கின்றன. அவள் ராஞ்சியில் முதலில் கற்ற வரிசை, கொடியின் இடப்புற மேல் மூலையில் உள்ள மூன்று முழுக்கோடுகள்!

கறுப்புப் பட்டைக்கு மேற்பட்ட வரிசைகளில் காலடிகள் தரையில் ஓர் எழுத்தை வரையும். ‘கும்காங்’ என்பதன் கோடு மலையைக் குறிக்கும் சீன எழுத்து. அச்சொல் வடமொழி வச்சிரத்தின் மொழிபெயர்ப்பு. புத்த சமயத்தோடு இந்தியாவிலிருந்து சென்றது. ‘ஹான்சு’வின் கோடு நீர் என்னும் எழுத்து. ஒன்பதாவதும் இறுதியுமாகிய ‘இல்யோ’வின் கோடு சுவஸ்திகம், புத்தர் கோயில்களின் குறி. எல்லாம் ஒன்றே என்னும் பொருளுடைய இவ்வரிசை, சில்லா நாட்டுத் துறவி வொன்ஹ்யோவின் கருத்தைத் தழுவியது என்று குக்கிவொன் விளக்குகிறது.

“வொன்ஹ்யோவா? 28 அசைவு வொன்ஹ்யோவா?” என்று மகள் கேட்டாள். அவரேதான். 617ஆம் ஆண்டில் பிறந்து 686ஆம் ஆண்டில் மறைந்தவர். சீனத்துக்குக் கல்வி தேடிப் புறப்பட்டவர், இருளில் தாகத்துக்கு இனிமையாகக் குடித்த நீர் ஒரு மண்டையோட்டில் தேங்கியது என்று விடிந்தபின் கண்டு, எல்லாம் மனத்தில்தான் என்று தெளிந்து திரும்பினார் என்பது கதை. பிரிந்து போன இரு பிரிவாரும் விடாமல் வைத்துக்கொண்டிருக்கும் துறவி இவர். ஒருவர் தொடக்கத்தில் நான்காவதாக வைத்தனர். மற்றவர் முடிவில் வைத்தனர். 2018ஆம் ஆண்டில் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவிலும், பின்னர் பியோங்யாங் நகரிலும் இரு பிரிவு வீரரும் ஒரே மேடையில் தோன்றினர் என்பதைத் தம்பி சொன்னான்.

ராஞ்சிக்குத் திரும்பி மூன்று திங்கள் ஆகின்றன. ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் சிறிது யோசித்து, வகுப்பு முடிந்தபின் பத்து நிமிடம் அந்தப் பழைய வரிசையைத் தமக்கும் காட்டும்படி அவளிடம் கேட்டார். ஆறாம் அசைவில் கையை விடுவிக்கும் திருப்பம் அவருக்கு இன்னும் சரியாக வரவில்லை என்கிறாள். அவளுக்கு டேகுக் ஐந்தாவது, காற்றின் வரிசை, தேர்வுக்கு இருக்கிறது.